விரிசல் இல்லாத முட்டை

ஏழாம் வகுப்பு ஆ பிரிவிடம்
லோகாம்பாள் டீச்சர் கேட்டது
ஆளுக்கொரு முட்டை, ஒரு கண்ணாடி டம்ளர்,
முட்டை முங்குமளவு வினிகர்.
"விரிசல் இருக்கப்படாது, இப்பவே சொல்லிப்போட்டேன்."

புதுச்சத்திரத்தில் முட்டைக்கா பஞ்சம்?
காற்று திரும்பினால் கோழிக்கொட்டாய் வாசம்.
அட்டை அட்டையாய் அடுக்கிய லாரிகள்
வேகத்தடையில் மட்டும் கர்ப்பிணிபோல் இறங்கி
கேரளா போகின்றன.
தங்கம் விலை தெரியாதவர்களுக்கும்
இன்றைய முட்டை விலை தெரியும்.

எங்கள் வீட்டுக்கு வருவதெல்லாம் உடைசல்.
பொழுதோட அம்மா தூக்குப்போசியில் கொண்டுவருவாள்,
மேலே ஒரு துணி,
உள்ளே ஒன்றின் வெள்ளை இன்னொன்றின்மேல் ஒழுகி.
பன்னிரண்டு வயதுவரை
நானாக ஒரு முட்டையை உடைத்ததில்லை.
எனக்கு முன்பே யாரோ தொடங்கிவைத்திருப்பார்கள்.

அதனால் புதன்கிழமை சத்துணவில்
தட்டில் விழுந்ததை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு
தக்காளிச் சோற்றை வெறுமனே தின்றேன்.
வேகவைத்தது. முத்திரை குத்தியது.
ஆனால் முழுசு.

வினிகர், நாலு ரோடு சில்லி சிக்கன் கடையில்
கவின்ராஜ் வாங்கிவந்தது. ஒட்டுக்கா ஊற்றினோம்.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை,
ஓடு முழுக்க வேர்த்ததுபோல் குமிழி.
மறுநாள் முத்திரை இல்லை.
"கவர்மெண்டு கரைஞ்சுபோச்சுடீ"
என்றாள் சௌடேஸ்வரி.

மூன்றாம் நாள்
அவர்களுடையதெல்லாம் விளக்குகள்.
ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
தோலுக்குள் மஞ்சள்கரு
தூங்கி எழுந்ததுபோல் மெல்லப் புரண்டது.
என்னுடையது எங்கே பிடித்தாலும் வெள்ளை.
டீச்சர் குனிந்து பார்த்தார்.
"வேகவெச்சுட்டயா சாமி?"
"ஆமாங் டீச்சர்."
அதற்குமேல் கேட்கவில்லை.

ஓரடி உயரத்திலிருந்து போடச்சொன்னார்.
கவின்ராஜ் இரண்டடியிலிருந்து போட்டான்.
மேசை, ஸ்கேல், பொன்னரசுவின் ரெக்கார்டு நோட்டு,
எல்லாம் மஞ்சள்.
என்னுடையது எகிறியது.
மறுபடி எகிறியது, கொஞ்சம் குறைவாக,
பிறகு உருண்டு பெஞ்சுக்கடியில் போய் நின்றது
நான் தின்னாமல் விட்ட முட்டை.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன்.
"சரி, ஓடு எங்க போச்சு?"
"பாதி தண்ணியில, பாதி வாயுவா போச்சும்மா."
வெங்காயம் அரிந்த கை நின்றது.
"ஓடு கெட்டியாகட்டும்னு
தெனம் மூட்டை மூட்டையா கிளிஞ்சல் கொட்டறேன்,
நீ மூணே நாள்ல ஊதித் தள்ளிப்போட்டயாக்கும்?"
சிரித்தாள்.
முழங்கைவரை வெள்ளை அவளுக்கு,
குளித்தாலும் ரேகைகளில் மிஞ்சும் வெள்ளை.

அடுத்த வாரம் சுண்ணாம்பு நீர்.
"ஓட்டுத்தூள் யார் கொண்டாருவீங்க?"
அந்த வருஷத்தில் முதல்முறையாகக்
கை தூக்கினேன்.
ஒரு பை நிறையக் கொண்டுபோனேன், உடைசல் ஓடுகள்,
எல்லா பெஞ்சுக்கும் போதும்போல.

அமிலம் விட்டதும் நுரைத்தது.
குழாய் வழியே நடந்துபோய்
அடுத்த சோதனைக்குழாயின் தெளிந்த நீரில்
பளக் பளக்கென்று விழுந்தது வாயு.
நீர் பாலாயிற்று.
கால்சியம் கார்பனேட் என்று போர்டில் எழுதி
அடிக்கோடிட்டார் டீச்சர்.
ஓட்டில் இருந்ததும் இதுதான்.
கிளிஞ்சலும் இதுதானாம்.

நான் குழாயை ஆட்டாமல் பிடித்திருந்தேன்.
அடியில் மாவுபோல் படியத் தொடங்கியது,
எனக்குத் தெரிந்த வெள்ளை.

"இன்னும் கொஞ்சம் வாயு போனா
மறுபடி தெளிஞ்சிரும், கவனிச்சுப் பாருங்க."

எல்லோருடையதும் தெளிந்தது.
என்னுடையதில் அதைப் பார்க்க முடியவில்லை.
நான் குழாயை
வெளியே எடுத்துவிட்டிருந்தேன்.